சூசையம்மாவின் பதினான்கு பிள்ளைகள்

நுவரெலியாவில் லாபிர் ஹாஜியாரின் மருந்துக் கடைக்குப் போகிறவர்களுக்குச் சிசிலியின் மூக்கைத் தெரியும். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் அந்த நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு உலகத்தில் பாதிப் பொருள் பிடிக்காது. பிடிக்காததைப் பார்த்ததும் மூக்குதான் முதலில் சுளிக்கும், வாய் பிறகுதான் திறக்கும். எதை வாங்கினாலும் காலாவதித் தேதியைப் பார்ப்பாள். மருந்தில் பார்ப்பது தொழில், சரி. இவள் பாண் ரொட்டியிலும் பார்ப்பாள், பவுடர் டப்பாவிலும் பார்ப்பாள், மாதா கோயிலில் கொடுக்கிற பிஸ்கட் பக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்ப்பாள்.

"தங்கச்சி, மனுசனுக்கும் முதுகுல தேதி அடிச்சிருந்தா நீங்க எங்க ஒருத்தரயும் கடைக்குள்ள எடுக்க மாட்டீங்க" என்று ஹாஜியார் கேலி செய்வார்.

"ஒங்களுக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கு ஹாஜியார். பயப்படாதீங்க" என்பாள் இவள்.

பிறந்தது வட்டகொடைக்கு மேலே தூவமலைத் தோட்டத்தில், மூன்றாம் நம்பர் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகள் ஒன்றில். அப்பா இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா சூசையம்மா முப்பத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்துத்தான் மகளை ஓ-லெவல் பரீட்சை வரைக்கும் தள்ளிவிட்டாள். பாஸான அடுத்த மாதமே சிசிலி டவுனுக்கு வேலைக்கு வந்துவிட்டாள். கல்யாணம் ஒன்று நடந்தது. ஆள் கட்டாருக்குப் போனார், போனவர் போனவர்தான். அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. சீட்டுப் பிடித்து ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். நுவரெலியா மேட்டில் மழையிலும் பனியிலும் அதை ஓட்டிக்கொண்டு அவள் போவதைப் பார்த்து, சேலை கட்டிய பெண்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா செத்து ஒன்பது வருஷமாகிறது. அதற்குப் பிறகு தூவமலைக்கு அவள் போவது கல்லறைத் திருநாளுக்கு மட்டும்தான்.

இப்படிப்பட்டவள் எப்படி அந்த மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் போய் மாட்டினாள் என்று கேட்டால், ஒரு கறுப்பு ஜாக்கெட்டில்தான் மாட்டினாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று நவம்பரில் ஒருநாள் வினோஜன் என்பவர் கடைக்கு வயிற்றெரிச்சல் மாத்திரை வாங்க வந்தார். கொழும்பில் டைல்ஸ் வியாபாரம், முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உடம்பு. 'மேகவீதி ரைடர்ஸ்' என்று பெரிய பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்களின் கிளப் ஒன்றுக்கு அவர்தான் தலைவர். வருஷா வருஷம் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முந்தின ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். வாசலில் நின்ற ஸ்கூட்டியையும் அதன்மேல் கிடந்த ஹெல்மெட்டையும் பார்த்துவிட்டு, "இது உங்களோடயா அக்கா? நீங்க ரைடரா?" என்று கேட்டார்.

சிசிலியை அதுவரை யாரும் ரைடர் என்று சொன்னதில்லை. ஸ்கூட்டிக்காரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

"இந்த முறை எங்களோட வாங்க அக்கா. எங்க கிளப்ல லேடி ரைடர் ஒருத்தரும் இல்ல. அதோட தோட்டத்து ஆக்களோட பேசுறதுக்கு உங்கள மாதிரி ஒருத்தர் வேணும்."

இரண்டு வாரத்தில் கிளப்பின் கறுப்பு ஜாக்கெட் வந்துவிட்டது. நெஞ்சில் வெள்ளை நூலில் அவள் பெயர். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தாள், கழற்றினாள், மறுபடியும் போட்டுப் பார்த்தாள். அதன் உள்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூக்கு அன்றைக்கு வேலை செய்யவில்லை. புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்?

எந்தத் தோட்டம் என்ற பேச்சு வந்தபோது, "எங்க தோட்டத்துக்கு வாங்க" என்றாள். அன்று பின்னேரமே தூவமலைக்குப் போன் போட்டாள். நாகலெட்சுமி எடுத்தாள். இரண்டு பேரும் ஒரே லயம், பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு, ஒரே பேன் சீப்பு.

"ஏன்டி லெச்சுமி, நத்தாருக்கு முந்துன ஞாயித்துக்கெழம பெரிய ஆளுங்க பைக்குல வாராங்க. நானும் வாறேன். புள்ளைகளுக்கு வெளயாட்டுச் சாமான் குடுக்குறாங்க. எல்லாப் புள்ளைகளயும் கூட்டிட்டு வந்துரு. ஒரு புள்ள விடாம."

"நெசமாவாடி? யதுர்ஷினிக்கும் கெடைக்குமா?" நாகலெட்சுமியின் கடைசி மகள் யதுர்ஷினிக்கு ஆறு வயது.

"அவளுக்கு இல்லாமலா? நான் சொல்றேன்ல."

நான் சொல்றேன்ல என்ற அந்த வார்த்தைதான் பிறகு அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் வினோஜன் எத்தனை பிள்ளைகள் என்று சரியான எண்ணிக்கை கேட்டார். சாமான் வாங்கித் தருவது ஏதோ ஒரு கம்பனி, அதற்கு ஒழுங்கான பட்டியல் வேண்டுமாம். இங்கேதான் சிசிலி சறுக்கினாள். நாகலெட்சுமியைக் கேட்டிருந்தால் லயம் லயமாக விரல் மடக்கிச் சொல்லியிருப்பாள். சிசிலியோ கவுண்டரில் ஆள் நின்ற அவசரத்தில் தோட்டத்து ஆபீசுக்குப் போன் அடித்து, ஆட்களின் நலன் பார்க்கிற நிரஞ்சன் என்ற வெல்பெயார் ஐயாவைக் கேட்டாள். அவர் பிறத்தியூர் ஆள், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, "அறுபத்திரண்டு மிஸ்" என்றார். அறுபத்திரண்டு என்று இவளும் சொல்லிவிட்டாள்.

தோட்டத்து ஆபீஸ் பிள்ளைகளை எண்ணுவதில்லை. செக்ரோலைத்தான் எண்ணும். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற ஆட்களின் பெயர்ப் பதிவேடுதான் செக்ரோல். அதில் ஆளுக்கொரு நம்பர். நம்பர் இருக்கிறவர்களின் பிள்ளைகள் ஆபீசுக்குப் பிள்ளைகள். சிசிலி சின்னவளாக இருந்த காலத்தில் லயத்தில் நம்பர் இல்லாத வீடே கிடையாது. அதனால் அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டாள். இப்போது பாதிச் சனம் பேரை வெட்டிக்கொண்டு வெளிவேலைக்குப் போகிறது. நாகலெட்சுமியும் மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டிக்கொண்டு, நானுஓயாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்குப் போய் லீக்ஸ் பிடுங்குகிறாள். குடியிருப்பு அதே லயத்தில்தான். பாணில்கூடத் தேதி பார்க்கிறவள் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஏழு மணிக்கு வாவிக்கரையில் கூட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சிசிலி ஆறே முக்காலுக்குப் போய் நின்றாள். ஏழு மணிக்கு அங்கே அவளும் ஒரு நாயும்தான். எட்டரைக்கு மேல் ஒவ்வொருவராக ஹோட்டல்களிலிருந்து இறங்கி வந்தார்கள். இருபத்து மூன்று மோட்டார் சைக்கிள். ஒன்றின் சத்தத்துக்கே பக்கத்துக் குதிரைகள் மிரண்டன. சாமான்கள் எல்லாம் பின்னால் வருகிற வேனில். மோட்டார் சைக்கிளில் ஒரு பந்துகூட இல்லை. இவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் வேன் போய்ச் சேரும், பிள்ளைகளுக்குச் சாமான் கிடைக்கும். பிறகு இவர்கள் எதற்கு என்று சிசிலிக்கு அப்போதே ஒரு கேள்வி எழும்பியது. ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்துக் கேள்வியை அமுக்கிவிட்டாள்.

வினோஜனின் பின் சீட்டில் மட்டும் மூன்றடி உயரத்தில் ஒரு கரடிப் பொம்மை உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு ஹெல்மெட், ஒரு கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் பெல்ட்.

"இத எந்தப் புள்ளைக்குக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"ஐயோ அக்கா, இது குடுக்கிறதுக்கு இல்ல. இவர் எங்க கிளப் மெம்பர். அஞ்சு வருஷமா எங்களோட வாறார்" என்று வினோஜன் சிரித்தார். கரடிக்கு அவர் என்று மரியாதை வேறு.

ஒன்பதேகாலுக்குக் கிளம்பினார்கள். நானுஓயாவைத் தாண்டியதும் ஒரு வளைவில் நிறுத்தி, மேலே ஒரு கேமராவைப் பறக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். படம் சரியாக வரவில்லை என்று எல்லோரையும் திருப்பி அனுப்பி மறுபடி வரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு கடையில் காலைச் சாப்பாடு. ரோல்ஸ், கட்லட், கோப்பி. பிறகு இன்னொரு கோப்பி. பிறகு, காட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சிலர் குடித்தது கோப்பி இல்லை. அந்த வாடை சிசிலி நின்ற இடத்துக்கு வந்தது. மூக்கு விழித்துக்கொண்டது.

பத்தரைக்கு நாகலெட்சுமி போன் போட்டாள். "எங்கடி வாறீங்க? புள்ளைங்க ஒம்பது மணிக்கே வந்து குந்தியிருக்குதுங்க."

"இந்தா, வந்துட்டோம்டி."

பதினொன்றரைக்கு மறுபடியும் போட்டாள். "மழ வாற மாதிரி இருக்குடி."

"இந்தா, கிட்ட வந்துட்டோம்."

பொய். அப்போது லிந்துலையைக்கூடத் தொட்டிருக்கவில்லை. லிந்துலையில் மழை பிடித்துக்கொண்டது. வினோஜன் ஓரமாக நிறுத்தி, பெட்டியிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்து உதறி, கரடியின் தலையிலிருந்து கால்வரை போட்டு, கழுத்தடியில் முடிச்சும் போட்டார். சிசிலி நனைந்துகொண்டே பார்த்தாள். மேலே பிள்ளைகள் எங்கே ஒதுங்கி நிற்கிறார்களோ என்ற நினைப்பு வந்தது. அந்தக் கரடியைப் பிடித்துப் பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது.

தலவாக்கலை, வட்டகொடை எல்லாம் தாண்டித் தோட்டத்து ரோட்டில் ஏறும்போதுதான் கூத்து. கொழும்பு ரோட்டுக்கு வாங்கிய பெரிய பைக்குகள் அந்தச் சேற்றில் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. லயத்திலிருந்து ஆறேழு ஆம்பளைகள் இறங்கிவந்து, இடுப்புவரை சேறாகி, ஒவ்வொன்றாகத் தள்ளி ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவர்களுக்கு ஓய்வு. கொடுக்க வந்தவர்களை வாங்க வந்தவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். சிசிலியின் ஸ்கூட்டி மட்டும் முக்கி முனகித் தானாகவே ஏறியது. அந்த ரோட்டை அது அறியும்.

பிள்ளைக் காம்பரா முற்றத்துக்கு அவர்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்றே முக்கால். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. பிள்ளைகள் அங்கே காத்து நின்றன. எல்லாம் தீபாவளிச் சட்டையில் இருந்தன. எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, பவுடர் பூசிய முகம். மழையில் அந்தப் பவுடர் திட்டுத் திட்டாகக் கழுவுப்பட்டிருந்தது. ஐந்து மணி நேரமாக ஒன்றும் சாப்பிடவில்லை, சட்டை அழுக்காகிவிடுமாம்.

கிளப்பில் ஒருவர் சிவப்பு உடுப்பும் வெள்ளைத் தாடியுமாக நத்தார் தாத்தா வேஷம் போட்டு வந்திருந்தார். தாடி நனைந்து கயிறாகத் தொங்கியது. அவர் "ஹோ ஹோ" என்று குனிந்ததும் முன்வரிசைச் சின்னது ஒன்று வீறிட்டு அழுதது. அவர் வாயிலிருந்து வந்த வாடைக்குப் பெரியவர்களே அழுதிருப்பார்கள்.

கம்பனியின் பெயர் போட்ட பேனரைக் கட்டினார்கள். நிரஞ்சன் பட்டியலை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். பிள்ளையின் பெயர், தாயின் பெயர், செக்ரோல் நம்பர். பிள்ளை வந்து வாங்கும், தாய் படிவத்தில் ஒப்பம் வைப்பாள், நிரஞ்சன் தோட்டத்து முத்திரையைக் குத்துவார், போட்டோ எடுப்பார்கள். ஒப்பம் வாங்கும் வேலை சிசிலிக்கு. போட்டோவுக்கு மட்டும் ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் கரடியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கரடி தனக்குத்தான் என்று நினைத்து அதன் கையைப் பிடித்த பிள்ளைகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அடுத்த பிள்ளைக்குக் கரடியை நகர்த்தினார்கள்.

அறுபத்திரண்டு பெயரும் முடிந்தது. நிரஞ்சன் பட்டியலை மடித்தார்.

சுவரோரம் பதினான்கு பிள்ளைகள் மிச்சம் நின்றன.

அவர்களும் தீபாவளிச் சட்டையில்தான் நின்றார்கள். யதுர்ஷினி மஞ்சள் சட்டையில், கையை முன்னால் கட்டிக்கொண்டு, அடுத்த பெயர் தன் பெயர்தான் என்ற நம்பிக்கையோடு நிரஞ்சனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி சிசிலியைப் பார்த்தாள்.

சிசிலிக்கு அப்போதுதான் உறைத்தது. காது இரண்டும் சுட்டன.

"ஐயா, இந்தப் புள்ளைகள வாசிக்கலையே" என்றாள் நிரஞ்சனிடம்.

"அவங்க லிஸ்ட்ல இல்ல மிஸ். அவங்க தோட்டத்து ஆளுங்க இல்ல."

"இல்லையா? இந்தா, இந்த லயத்துலதானே இருக்காங்க!"

"தோட்டத்துல இருக்கிற ஆளுங்க மிஸ். தோட்டத்து ஆளுங்க இல்ல." கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. ஆபீசில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். அதுதான் இன்னும் வெறுப்பாக இருந்தது.

சிசிலி வினோஜனிடம் போனாள். "தம்பி, பதினாலு புள்ளைக விட்டுப்போச்சு. பெழ என்னோடதுதான். வேன்ல மிச்சம் இருக்குல்ல?"

"இருக்கு அக்கா. உடைஞ்சா மாத்துறதுக்கு ஒரு இருபது கூடவே கொண்டு வந்தோம்."

"அப்ப குடுத்துருங்களேன்."

வினோஜன் தலையைச் சொறிந்தார். "அதுதான் சிக்கல். ஒவ்வொரு சாமானுக்கும் ஃபார்ம்ல ஒரு வரி வேணும். தாயோட பேர், நம்பர், ஒப்பம், சீல். நம்பர் இல்லாம நிரப்பினா கம்பனி எடுக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் ஸ்பான்சர் தர மாட்டாங்க. அடுத்த வருஷம் இவங்களுக்கு முதல்ல குடுப்போம், சரியா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கும் மேலே ஒரு படிவம் உட்கார்ந்திருந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்க வந்தவர்கள், அந்தத் தேங்காயையும் நம்பர் பார்த்துத்தான் உடைப்பார்களாம். பின்னால் நின்ற நத்தார் தாத்தா, "குடுக்கிற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தார். மாடே கொடுக்காதவன் வாயில் அந்தப் பழமொழி வந்ததும் சிசிலிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இவர்களைப் பார்த்து மட்டுமில்லை. தன் நெஞ்சில் வெள்ளை நூலில் தைத்திருந்த தன் பெயரைப் பார்த்தும்தான்.

நாகலெட்சுமி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. கிட்டே வந்து, "நீ சொன்னேன்னுதான்டி கூட்டிட்டு வந்தேன். மத்தவங்களயும் நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். பிறகு மகளின் கையைப் பிடித்தாள். "வா, போவோம்."

யதுர்ஷினி நகரவில்லை. அழவும் இல்லை. தாயை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, நம்ம நம்பர் என்னா?"

சிசிலியின் வாய் தன்பாட்டுக்கு அசைந்தது. முந்நூத்தி நாப்பத்தேழு.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குத் தன் பிறந்த தேதி மறந்தாலும் தாயின் நம்பர் மறக்காது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை அம்மாவைச் சூசையம்மா என்று கூப்பிட்டதே இல்லை. முந்நூத்தி நாப்பத்தேழு என்றுதான் கூப்பிடுவார். கோதுமை மாவு வாங்கிவர அனுப்பினால் நம்பரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். டிஸ்பென்சரியில் காய்ச்சல் மருந்துக்கும் நம்பர். ஐந்து வயதுச் சிசிலி வழியெல்லாம் மறந்துவிடாமல் அந்த நம்பரை முணுமுணுத்துக்கொண்டே மண்ணெண்ணெய்க்கு ஓடியிருக்கிறாள்.

"ஃபார்ம குடுங்க" என்றாள்.

வேன் படியில் உட்கார்ந்து, தொடைமேல் படிவத்தை வைத்து, சுவரோரம் நின்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். பெயர் கேட்டாள், எழுதினாள். தாயின் பெயர் என்ற கட்டத்தில் சூசையம்மா என்று எழுதினாள். நம்பர் என்ற கட்டத்தில் 347. அடுத்த பிள்ளை. சூசையம்மா, 347. பதினான்கு தரம் எழுதினாள். ஒப்பத்துக்கு அவளே பதினான்கு கோடு கிறுக்கினாள். அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது, பெருவிரல்தான். அதற்கு மட்டும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

வினோஜன் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் ஒரே அம்மாவா?"

"ஆமா. பெரிய குடும்பம்."

"அப்பாடி! பதினாலா?" என்றார் வினோஜன். ஆனால் அவர் விரல் கட்டங்களின்மேல்தான் ஓடியது. ஒரு கட்டமும் காலியாக இல்லை. முகம் தெளிந்துவிட்டது. "சரி அக்கா, பெர்ஃபெக்ட். இத முதல்லயே சொல்லியிருக்கலாமே."

படிவம் நிரஞ்சனிடம் போனது. அவர் நம்பரைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "முந்நூத்தி நாப்பத்தேழு… இது எந்த லயம் மிஸ்?"

"மூணாம் நம்பர். பழைய ஆளு. முப்பத்தாறு வருஷ சர்வீஸ்."

"ஆ" என்றார். மழை மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது, அவர் பகல் சாப்பாடும் சாப்பிட்டிருக்கவில்லை. முத்திரையை மையில் ஒற்றிப் பதினான்கு தரம் குத்தினார்.

ஒவ்வொரு குத்துக்கும் சிசிலியின் உடம்பு கூசியது. கண் முன்னால் பதினான்கு பிள்ளைகள் ரத்தமும் சதையுமாக நிற்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அது செல்லாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தேயிலைக்கு நடுவில் புதைத்த ஒருத்தியின் நம்பர் செல்கிறது. காலாவதியான மாத்திரையை விற்றால் ஹாஜியாரைப் பிடித்து உள்ளே போடுவார்கள். இங்கே காலாவதியான ஆளைக் கொடுத்தால் முத்திரை குத்துகிறார்கள். சீ என்று வந்தது அவளுக்கு.

யதுர்ஷினிக்கு ஒரு பிளாஸ்டிக் சமையல் செட் கிடைத்தது. குட்டி அடுப்பு, குட்டிச் சட்டி. அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வினோஜன் கைதட்டினார். "அந்தப் பெரிய ஃபேமிலி எல்லாரும் முன்னால வாங்க! ஸ்பெஷல் போட்டோ!" பதினான்கு பிள்ளைகளையும் பேனருக்குக் கீழே அடுக்கி, நடுவில் கரடியை உட்கார வைத்தார்கள். சிசிலியையும் கூப்பிட்டார்கள். அவள் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

திரும்பும்போது அவள் கூட்டத்தோடு போகவில்லை. அவர்கள் கிளம்பும்வரை நாகலெட்சுமியின் வீட்டு இஸ்தோப்பில், முன்திண்ணையில், உட்கார்ந்திருந்தாள். நாகலெட்சுமி பாலில்லாத சாயத் தண்ணி கொடுத்தாள். கீழே சேற்றில் மறுபடியும் பைக்குகளைத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"சூசையம்மாக்கா இருந்திருந்தா வெளக்குமாத்த எடுத்திருக்கும்" என்றாள் நாகலெட்சுமி கடைசியில்.

அதோடு முடிந்திருந்தால் சிசிலி இதை விழுங்கியிருப்பாள். முடியவில்லை. தைப்பொங்கல் கழிந்து இரண்டு நாளில் வினோஜன் போன் போட்டார். குரலில் துள்ளல்.

"அக்கா, சூப்பர் நியூஸ்! அந்த போட்டோ கம்பனிக்குப் போய், பெரிய ஆக்களே பாத்திருக்காங்க. பதினாலு பிள்ளைகளை வளத்த தோட்டத்துத் தாய்! சூசையம்மாவுக்கு ஒரு விருது குடுக்கப் போறாங்க. ஒரு ஷீல்டு, ஆறு மாசத்துக்குச் சாமான். அரிசி, பருப்பு, பால்மா எல்லாம். நாங்க பைக்ல கொண்டு வந்து குடுக்கணுமாம். அவங்க எங்க இருக்காங்க?"

சிசிலி கையிலிருந்த மருந்து அட்டையைக் கவுண்டரில் வைத்தாள்.

"மூணாம் நம்பர் மலைக்குக் கீழ. தேயிலைக்குள்ள."

"வேலை செய்றாங்களா?"

"இல்ல. பொதைச்சிருக்கோம். அவ எங்க அம்மா. செத்து ஒம்பது வருஷமாச்சு."

இவள் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தாள். ஐயோ என்றாவது, அல்லது ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு கோபமாவது. மனுஷன் என்றால் இரண்டில் ஒன்று வர வேண்டும்.

"அக்கா," என்றார் வினோஜன் குரலைத் தாழ்த்தி, "இத நீங்க யாருக்கும் சொல்லலையே? ஒண்டு செய்வோம். அன்னைக்கு அந்த மஞ்சள் சட்டைப் பிள்ளையோட அம்மா நிண்டாங்களே, அவங்கள நிக்க வைப்போம். சூசையம்மாண்டு பேர மட்டும் சொல்லச் சொல்லுங்க. ஒரு போட்டோதானே? சாமான் அவங்களுக்கே போகட்டும்."

சிசிலிக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த நிமிஷமே போனை வெட்டியிருப்பாள். ஆனால் ஆறு மாதத்து அரிசியும் பால்மாவும் நாகலெட்சுமி வீட்டில் என்ன என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல அது தன் வீட்டு அரிசி இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, நாகலெட்சுமிக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

நாகலெட்சுமி முதலில் சிரித்தாள். லீக்ஸ் பாத்தியில் நின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரிப்பது போனில் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது.

"ஏன்டி, செத்துப்போன சூசையம்மாக்காவுக்குத்தான் குடுப்பாங்களாமா? நான் உசுரோடதானே இருக்கேன். எம் புள்ளயத்தானே படம் புடிச்சாங்க. நாகலெட்சுமின்னு எம் பேருக்கே குடுக்கச் சொல்லேன். அப்பன்னா வாங்கிக்குவேன். இல்லாட்டி அந்தச் சோறு எறங்காதுடி."

அது நியாயம். சிசிலி வினோஜனுக்குப் போன் போட்டு, நாகலெட்சுமி சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கும் அக்கா," என்றார் அவர், உண்மையாகவே வருத்தப்பட்டவர் போல, "ஆனா அவங்களுக்கு நம்பர் இல்லையே."

சிசிலி போனை வெட்டினாள். ஹாஜியார் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். அவள் உள்ளே போய், ஆணியில் தொங்கிய கறுப்பு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஸ்கூட்டியின் சக்கரத்து மட்கார்டில் தூவமலைச் சேறு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் தைத்த பக்கத்தைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்தாள். நல்ல துணி. ஒரே இழுப்பில் சேறு முழுக்க வந்துவிட்டது.